எழுபது சதவீதத்தில் ஓடிய காலம்

மனிதனின் சிறுநீரகமும் மடிக்கணினியின் பற்றரியும் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று ஐம்பத்திரண்டு வயதில் நான் நம்பினேன். நான் பட்டதாரி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் சிறுநீரகங்களில் மிஞ்சியது பதினைந்து சதவீதம் என்று கிளினிக்கில் சொன்ன அதே வாரம், மார்க்கம் நகர அலுவலகத்தில் என்னோடு வேலை செய்பவர் என் கிழட்டு மடிக்கணினியைத் திறந்து, புரொசசரின் உச்ச வேகத்தை நூறிலிருந்து எழுபதாகக் குறைத்துவிட்டார். ஒன்றரை மணித்தியாலத்தில் செத்துப்போகும் பற்றரி அன்று மூன்று மணித்தியாலம் தாக்குப்பிடித்தது. சூடு இல்லை, விசிறியின் இரைச்சலும் இல்லை.

கிளினிக்கில் டயாலிசிஸ் இயந்திரத்தை ஒருமுறை காட்டியிருந்தார்கள். என் இரத்தம் எனக்கு வெளியே குழாயில் சுற்றப்போகிறது என்று நினைத்தாலே உள்ளங்கால் வியர்க்கும். நானும் எழுபதில் ஓடினால் சிறுநீரகம் தாக்குப்பிடிக்கும், இப்போது தப்ப வழி கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். துள்ளுவதும் பற்றரியைக் குடிக்குமே என்று உடனே நிறுத்தினேன்.

நடையை விட்டேன். லிஃப்ட் பழுதான நாளில், படியேறாமல் லொபியிலேயே இரண்டு மணித்தியாலம் குந்தியிருந்தேன். வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் படுத்தே கிடந்தேன்.

“இஞ்சாருங்கோ, கிளினிக்கில இருந்து திரும்பவும் கோல் வந்தது,” என்றாள் மனைவி. “கையில ஒப்பரேசன் செய்து இப்பவே ஆயத்தப்படுத்தினால்தானாம் பிறகு டயாலிசிசுக்கு ஊசி ஏத்தலாம். ஆற மாசக்கணக்கு எடுக்குமாம்.”

“தேவைப்படாது. நான் இப்ப எழுபதில ஓடுறன்.”

“வாய் மட்டும் நூறிலதான் ஓடுது. நாளைக்கும் எடுத்தால் என்ன சொல்ல?”

“ஆள் ஊரில இல்லையெண்டு சொல்லும்.”

“ஊரிலதான், டோர்செட் பார்க்கில, எங்கட வீட்டுக் கட்டிலுக்குக் கீழ ஒளிச்சிருக்கிறார் எண்டு சொல்லுறன்.”

நான்தான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கிளினிக்கில் குறித்துத் தந்த அந்தத் தவணைக்கும் நான் போகவில்லை, அடுத்ததுக்கும் போகவில்லை. கால் வீங்கியபோது, சப்பாத்து சுருங்கிவிட்டது என்று புதியது வாங்கினேன்.

தை மாதத்தில் ஒரு காலை, குளியலறையிலிருந்து கட்டில்வரை வர மூச்சுப் போதவில்லை. அம்புலன்ஸ் வந்தது. படுத்துக் கிடந்தால் சிறுநீரகம் மிச்சமாகாது என்று அவசரப் பிரிவு மருத்துவர் சொன்னார். பற்றரி விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை.

கை ஆயத்தமாக இருக்கவில்லை. கழுத்தடியால் நெஞ்சுக்குள் குழாய் ஏற்றி அன்று மாலையே டயாலிசிஸ் தொடங்கினார்கள். சிறுநீரகம் மீளவில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணித்தியாலம்.