வில்ஃப் டிரான்டர் எடுத்த அளவு

வில்ஃப் டிரான்டர் கார் பட்டறைக்கு வருமுன் பன்னிரண்டு வருடம் சவப்பெட்டி செய்தவன். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் நீள அகலம் சொல்லிவிடுவான். அளவு தப்பு என்று அந்தத் தொழிலில் ஒரு வாடிக்கையாளரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை.

இங்கிலாந்தில், செவர்ன் ஆற்றோரத்துப் பட்டறையில் ஒன்பது பேர் சேர்ந்து மாதம் இரண்டு திறந்த கார் செய்தார்கள். மரச்சட்டம், அதன்மேல் கையால் தட்டிய அலுமினியத் தகடு. இருக்கையை முன்னே பின்னே நகர்த்துகிற கதையெல்லாம் கிடையாது. ஓட்டுகிறவரின் காலளவுக்குத் தரையோடு முறுக்கிவிடுவார்கள். சட்டை தைப்பது மாதிரிதான். அளவெடுப்பது வில்ஃப். அளவு நாடாவைத் தொடமாட்டான், கண்ணளவுதான். நாற்பத்தொரு வயதில் அவனுக்கென்று இருந்த ஒரே கர்வம் அது.

1953 ஜூன், ஒரு வெள்ளிக்கிழமை. பச்சைக் கார் பளபளவென்று நின்றது. தோலுறை தைக்கிற ஈனிட் ஆர்டர் தாளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“இந்தக் கார் யாருக்கு வில்ஃப்?”

“பல் டாக்டர் பென்ஹேல் இருக்காரே, அவர் வீட்டம்மாவுக்கு.”

“டாக்டருக்குன்னுல்ல போட்டிருக்கு.”

வில்ஃப் சுத்தியலைக் கீழே வைத்தான். மார்ச்சில் அந்தத் தம்பதி வந்தபோது எஞ்சினுக்குள் தலையை விட்டுக் கேள்வி கேட்டது அந்தம்மாள். டாக்டர் ஓரமாக நின்று மழையைப் பார்த்தார். யார் ஓட்டப்போவது என்று கேட்கவே வில்ஃபுக்குத் தோன்றவில்லை. அம்மாள் ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவு. டாக்டர் அவள் தோளுக்கு வருவார்.

“மாத்திடலாமா?”

“தரையைப் பிரிக்கணும். ஒரு வாரம் ஆகும். அவங்க நாளைக்கு இதுலதான் ஸ்காட்லாந்து போறாங்க.”

“அப்ப டாக்டரைப் படுக்கப்போட்டு நீட்டிவிடு. உனக்குப் பழக்கம்தானே.”

வில்ஃப் நேரே முதலாளி ஆல்டர்ஸ்லியிடம் போய் உள்ளதைச் சொன்னான். அவர் புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டார்.

“நாளைக்கு நீயே அவர்கிட்டச் சொல்லு. அவர் வேண்டாம்னுட்டுப் போயிட்டாருன்னா, இனிமே இங்க நாடாதான்.”

சனிக்கிழமை காலை டாக்டர் மனைவியோடு வந்து காரில் உட்கார்ந்தார். பெடலுக்கும் அவர் ஷூவுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. காலை நீட்டினார், ஆளே கீழே சரிந்து, தொப்பி மட்டும் கதவுக்கு மேல் தெரிந்தது.

“தப்பு என்னோடது சார்,” என்றான் வில்ஃப். “அம்மா ஓட்டப்போறாங்கன்னு நெனச்சு அளவு வச்சுட்டேன்.”

டாக்டர் மெல்ல எழுந்து வெளியே வந்தார்.

“நீ உக்காந்து பாரு, வினி.”

அவள் உட்கார்ந்தாள். முழங்கால் லேசாக மடங்கி, கால் கிளட்சில் போய்ப் பதிந்தது. முற்றத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்து நிறுத்தினாள்.

“எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு.”

“உங்களுக்குன்னேதாம்மா செஞ்சது,” என்றாள் ஈனிட்.

டாக்டர் வில்ஃபைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். “ஸ்டியரிங்கைப் பிடிச்சாலே எனக்குக் கை வேர்க்கும்ப்பா. ஆம்பளை ஓட்டலேன்னா நல்லா இருக்காதேன்னு இத்தனை வருஷம் ஓட்டினேன். தரை அப்படியே இருக்கட்டும். யாராவது கேட்டா உன் தப்புன்னு சொல்லிக்கிறேன், சரியா?”

“தாராளமா சொல்லுங்க சார்.”

அவர் மறுபக்கம் ஏறி, வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டார். முகத்தில் பள்ளிக்கூடம் விட்ட சந்தோஷம். கார் கிளம்பியது. பாலம் தாண்டும்வரை அவள் கியர் மாற்றும் சத்தத்தை வில்ஃப் நின்று கேட்டான். ஓரிடத்திலும் கரகரக்கவில்லை.