வழியனுப்ப வந்தவர்கள் மேல் சேறு

1. முதல் நாள்

பிரகாஷ் சார் எனக்குக் கொடுத்த முதல் வேலை, வாயை மூடிக்கொண்டு ஓட்டுவது.

"யோவ் சேகரு, மேடம் லண்டன்ல பெரிய ஆர்ட்டிஸ்ட். ஏதாவது கேட்டா யெஸ் சொல்லு. நீயா ஒண்ணும் பேசாத."

பிள்ளைகளே, அப்பா எட்டாவதோடு நின்றவன். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டித்தான் உங்களைப் படிக்க வைக்கிறேன். டி.வி.யில் வருகிறவர்களை நீங்கள் போனில் வாய் பிளந்து பார்க்கிறீர்கள். அதனால் லண்டன் டி.வி. கம்பெனியிலிருந்து இங்கே சீரியல் எடுக்க வந்த அப்படிப்பட்ட ஒரு கூட்டத்துக்கு நான் வண்டி ஓட்டிய கதையை எழுதி வைக்கிறேன்.

பிரகாஷ் சார் சென்னையிலிருந்து வந்த புரொடக்ஷன் மேனேஜர். ஆள், வண்டி, சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. இடுப்பில் எப்போதும் வாக்கி-டாக்கி. கூப்பிட வேண்டிய ஆள் பத்தடியில் நின்றாலும் அதில்தான் கூப்பிடுவார். முதல் தடவை மேலே ஏறியபோது கல்வராயன் மலையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் பச்சையா இருந்திருக்கலாம்" என்றார். மலை என்னமோ அவரிடம் பேட்டா வாங்குகிற மாதிரி.

டைரக்டர் என்று ஒரு வெள்ளைக்காரரும் இருந்தார். லண்டன் ஆபீஸிலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுவார். அவரைப் பற்றி இவ்வளவு போதும்.

2. ரூத்தம்மா

அந்த மேடத்தின் பெயர் ரூத். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பின் சீட்டில் உட்காராமல் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். மொழிபெயர்க்க தியாகதுருகத்துப் பெண் செல்வி பின்னால் இருந்தாள். அவள் இங்கிலீஷ் எம்.ஏ. படித்தவள். அவளுக்கு இதுதான் முதல் வேலை.

வளைவுகளில் ஏறும்போது போனில் டவர் போய்விடும். டவர் போனதும் ரூத்தம்மா பேச ஆரம்பிப்பார். பத்து நாள் ஏறி இறங்கியதில் அவர் வாழ்க்கையே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் ஊரில் ஓர் ஆஸ்பத்திரி சீரியலில் இருபது வருஷம் நர்ஸாக நடித்தாராம். வயது ஏறியதும், ஒருநாள் கையில் கொடுத்த ஸ்கிரிப்டைப் பிரித்தால் அந்த நர்ஸ் லாரி மோதிச் செத்துவிட்டாள் என்று இருந்ததாம். சாவைக்கூடக் காட்டவில்லை. யாரோ ஒருத்தி வந்து ஒரு வரியில் சொல்வதோடு சரி. இருபது வருஷ வேலைக்கு ஒரு வரி. பெரிய கம்பெனி என்றால் மரியாதையும் பெரிதாக இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

பிறகு அவரே எழுத ஆரம்பித்தார். அவர் புருஷன் டைரக்டர். இந்த அம்மா ராப்பகலாக எழுதிய முதல் இரண்டு கதைகளில் புருஷன் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, ஒரே வூட்டில் இரண்டு பெயர் எதற்கு என்றாராம். இவர் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு மகளோடு வெளியே வந்துவிட்டார். வாசல் வரைக்கும் கூட யாரும் வரவில்லையாம்.

இந்த சீரியல்தான் அவர் பெயரிலேயே வருகிற முதல் கதை. மலைக்கு வைத்தியம் பார்க்க வந்த டாக்டரம்மாவாக அவரே நடித்தார். கடைசிக் காட்சியில் டாக்டரம்மா ஊரை விட்டுப் புறப்படுகிறார், கூலி வேலைக்குப் போகிற பெண்கள் வந்து வழியனுப்புகிறார்கள். அந்தக் காட்சிக்காகத்தான் இந்தக் கதையையே எழுதினேன் என்றார்.

அதிலும் ஆபீஸ்காரர்கள் ஒரு கத்தியைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒப்புக்கொண்டதில் ஒரு வரி மாறினாலும் அந்தக் கடைசிக் காட்சியே வேண்டாம், கடைசி எபிசோடை வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் காட்சிக்குப் பார்த்து வைத்த இடத்தில் படம் எடுக்க ஒரே நாள்தான் அனுமதி. மறுநாள் எல்லோருக்கும் ஊருக்குப் பிளைட்.

3. நல்ல சீலை

அந்த நாள் காலையில் கச்சிராயபாளையம் பக்கமிருந்து பன்னிரண்டு பெண்களை இரண்டு நடையாக நான்தான் ஏற்றி வந்தேன். மலைக்கு மரவள்ளி பிடுங்க ஏறுகிற அதே பெண்கள். ஆனால் அன்றைக்கு ஒவ்வொருவரும் பெட்டியில் இருந்த நல்ல சீலையைக் கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்திருந்தார்கள். நானும் சும்மா இருக்கவில்லை.

"இன்னா பச்சையம்மாக்கா, பொண்ணு பாக்க வராங்களா?"

அவர்களுக்கு மேஸ்திரி மாதிரி இருப்பவர் பச்சையம்மா. "டாக்டரம்மா ஊருக்குப் போவுது, வழியனுப்ப வாங்கன்னு உங்க மேனேஜரு சொன்னாரு. அதுக்கு அழுக்குச் சீலையோட வருவாங்களா? நீ மூஞ்சி கழுவாம வந்துகினு என்ன கேலி பேசற" என்றார். ஜீப்பே சிரித்தது.

மேலே போய் இறங்கியதும் பிரகாஷ் சார் தலையில் கை வைத்துவிட்டார். ஏழைகள் ஏழைகள் மாதிரி இல்லையாம். பூவைப் பிடுங்கிப் போடச் சொன்னார், எல்லோரும் அழ வேண்டும் என்றும் சொன்னார். பிறகு ஒரு பக்கெட்டில் செம்மண்ணைக் கரைக்கச் சொல்லி, சீலைகள் மேல் தெளிக்க ஆள் விட்டார். மண் கரைத்தவனுக்குக் கை வரவில்லை. இவரே பக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்தார்.

அவர் தெளிப்பதற்குள் பன்னிரண்டு பேரும் பூவை எடுக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பச்சையம்மா சத்தம் போடவில்லை. "சாரு, தெனமும் சேத்துலதான் நிக்கறோம். ஒருத்தர வழியனுப்ப வர்றப்போ சேத்தப் பூசிக்கினு வரமாட்டோம். அழவும் மாட்டோம். பொறப்படறவங்க முன்னால அழுதா அவங்களுக்கு ஆவாது" என்றார்.

ரூத்தம்மா அருகில் வந்து, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். பிரகாஷ் சார் சட்டென்று முந்திக்கொண்டு இங்கிலீஷில் பதில் சொன்னார். அதில் "டயர்டு", "லேஸி" என்ற இரண்டு வார்த்தைகள் எனக்கே புரிந்தன. செல்வியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் அவர்தானே சம்பளம் போடுகிறவர்.

பத்து நாளாக யெஸ் மட்டும் சொன்ன எனக்கு, எங்கிருந்து வந்ததோ, "நோ மேடம். ராங். செல்வி டெல்" என்று வந்துவிட்டது. செல்வி பக்கம் திரும்பி, "உள்ளத உள்ளபடி சொல்லும்மா" என்றேன்.

செல்வி தலையை நிமிர்த்தி முழுவதையும் சொன்னாள்.

பிரகாஷ் சாரை ரூத்தம்மா ஒரு அறை விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைத்தேன். அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. தன் ஸ்கிரிப்டை எடுத்து ஒரு பக்கத்தைத் திருப்பி, செல்வியிடம் நீட்டி, தமிழில் சத்தமாகப் படிக்கச் சொன்னார். அதில் இப்படி இருந்தது: கிழிந்த, அழுக்குச் சேலைகளில் பெண்கள் அழுதபடி அவள் கைகளைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அவரே எழுதியதுதான்.

பச்சையம்மா அவரை ஏற இறங்கப் பார்த்து, "தெரியாம எழுதிட்ட, போ" என்றார். ரூத்தம்மா ஒரு பென்சில் கேட்டு வாங்கி, அந்த வரியைக் குறுக்கே அடித்தார்.

4. மூன்றாவது வளைவு

டைரக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆபீஸ் என்ன சொல்லுமோ என்று கையைப் பிசைந்தார். பிரகாஷ் சார் உடனே வழி சொன்னார்: டிரைவர் கீழே போய்ப் பழைய சீலை வாங்கி வரட்டும், அதுவரை காத்திருப்போம், இந்தப் பெண்கள் கட்ட மறுத்தால் வேறு பெண்களுக்குக் கட்டிவிடலாம். டைரக்டர் தலையாட்டினார். ரூத்தம்மா என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை.

"ரெண்டு மணிக்குள்ள இங்க இருக்கணும், புரியுதா" என்றார் பிரகாஷ் சார்.

யெஸ் என்றேன்.

மூன்றாவது வளைவில் வண்டியை ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து வைத்து, கல்லின் மேல் உட்கார்ந்தேன். அங்கே டவர் கிடையாது. வாக்கி-டாக்கியும் எட்டாது. கீழே இறங்கிப் போன பஸ்ஸின் கண்டக்டர் எனக்குத் தெரிந்தவர். பஸ்ஸை நிறுத்தி, "இன்னா சேகரு, வண்டிக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டார்.

"வண்டி நல்லாத்தான் இருக்குது. டிரைவருக்குத்தான் மனசு வரல."

அவர் சிரித்துக்கொண்டே விசில் கொடுத்தார்.

பிள்ளைகளே, ஏற்றிவிட்ட ஆளை நடுவழியில் விட்டதில்லை, ஒப்புக்கொண்ட சவாரியை ஏமாற்றியதில்லை. அந்த ஒரு நாள் மட்டும் பொய் சொன்னேன். தப்பு என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். மறுபடி அப்படி ஒரு நாள் வந்தாலும் அதையேதான் செய்வேன்.

நான்கு மணிக்கு வெறும் வண்டியோடு மேலே போனேன். ரேடியேட்டர் கொதித்துவிட்டது என்றேன். பிரகாஷ் சார் திட்டியதை இங்கே எழுத முடியாது, உங்கள் தாத்தாவையும் சேர்த்துத் திட்டினார். வெயில் சரிந்துகொண்டிருந்தது. டைரக்டர் வானத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், இருப்பதை எடுப்போம் என்று சொல்லிவிட்டார்.

ஒரே டேக். டாக்டரம்மாவாக ரூத்தம்மா பெட்டியோடு வந்தார். நல்ல சீலை கட்டிய பன்னிரண்டு பேர் சுற்றி நின்றார்கள். ஒருத்தியும் அழவில்லை. ரூத்தம்மாவுக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. எழுதிக் கொடுத்த வசனம் எதுவும் இல்லாமல் பச்சையம்மா தன் முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்து, தன் தலையில் இருந்த பூவில் பாதியைக் கிள்ளி அவர் தலையில் செருகி, "அங்க போயி வேளைக்குச் சோறு துண்ணு. எலும்பும் தோலுமா இருக்கற. நட, பஸ்ஸு போயிடும்" என்றார்.

கேமராவுக்குப் பின்னால் செல்வி அழுதுகொண்டிருந்தாள்.

5. அதற்குப் பிறகு

ஆபீஸ்காரர்கள் போனில் குதித்திருக்கிறார்கள். வேறு ஆள் எழுதிய முடிவு ஒன்றையும் தயார் செய்திருக்கிறார்கள். கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ரூத்தம்மாவுடையதையே போட்டார்களாம். அது ஒளிபரப்பானதும் செல்வி என் போனுக்கு அனுப்பினாள். எழுதியவர் என்ற இடத்தில் ரூத்தம்மா பெயர் மட்டும் இருந்தது. பன்னிரண்டு பேரையும் வரச் சொல்லிக் காட்டினேன். தன் சீலையின் ஜரிகை தெரிகிறதா என்று இரண்டு தடவை நிறுத்திப் பார்த்துவிட்டு, பச்சையம்மா வேலைக்குப் புறப்பட்டுப் போனார்.

பிரகாஷ் சார் அதற்கப்புறம் என்னைக் கூப்பிடவே இல்லை. ஷூட்டிங் சவாரி எல்லாம் வேறு வண்டிக்குப் போய்விட்டது. அந்த வழியனுப்புகிற காட்சியே தன் ஐடியாதான் என்று சென்னையில் சொல்லிக்கினு திரிகிறாராம். சொல்லட்டும். அந்த ஐடியா வந்தபோது அவர் கையில் ஒரு பக்கெட் இருந்தது பன்னிரண்டு பேருக்குத் தெரியும்.

இதில் நான் கற்றது ஒன்று உண்டு. ஒரு வேலை தெரியாமல் இருப்பது கேவலம் இல்லை. ரூத்தம்மாவுக்கும் நம் ஊர் தெரியாது, தப்பாகத்தான் எழுதி வந்தார். கூலிக்காரி ஒருத்தி சொன்னதும் தன் கையால் திருத்தினார். அதைத் திருத்தினால் தன் கதையே கையை விட்டுப் போகலாம் என்று தெரிந்தேதான் திருத்தினார். நாளைக்கு நீங்கள் எந்த ஆபீஸில் உட்கார்ந்தாலும், எதிரே தரையில் உட்கார்ந்திருப்பவர் என்ன சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள். மொழி தெரியாவிட்டால், பயப்படாமல் சொல்கிற ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.