முதல் சாட்சி

வெள்ளைக்காரன் போன மறுவருஷம், சங்கரன்கோவிலில் எங்கள் கடை மாடியில் வைத்து அப்பா உயில் எழுதினார். புளியங்குடி எலுமிச்சைத் தோட்டம் அக்காவுக்கு, மீதியெல்லாம் எனக்கு. நாங்கள் கிறிஸ்தவர்கள்தான், ஆனாலும் மாப்பிள்ளைக்கு முதல் இலை போடாமல் எங்கள் வீட்டில் பந்தி தொடங்காது. அந்தப் பழக்கத்தில், "மொதச் சாட்சி அத்தான் போடட்டும்" என்று அக்காவின் கணவரிடம் பேனாவை நீட்டித் தொலைத்தேன். அவரும் பூரித்துப்போய்க் கையெழுத்துப் போட்டார்.

அப்பா காலமானபின் வக்கீல் உயிலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். கிறிஸ்தவர் உயிலில், சாட்சி போட்டவருக்கோ அவர் மனைவிக்கோ எழுதிய சொத்து செல்லாதாம். எலுமிச்சைத் தோட்டமும் என்னிடமே வந்துவிட்டது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. தோட்டத்தை அக்காவுக்கே தானப்பத்திரமாக எழுதி, ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போனோம். இதில் யார் சாட்சி போட்டாலும் பாதகமில்லை என்று வக்கீல் சொல்லியிருந்ததால், மறுபடியும் அத்தானிடம்தான் பேனாவை நீட்டினேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என் கையெழுத்து ஒங்க வீட்டுக்கு ஆகாதுல்லா, மச்சான். வேற ஆளப் பாருங்க."

அக்காவுக்குத் தோட்டம் கிடைத்துவிட்டது. அந்தக் கிறிஸ்துமஸ் விருந்தில் முதல் இலையைப் போட்டுவிட்டு அத்தானைத் தேடினேன். அவர் கடைசிப் பந்திக்குக் காத்து நின்றுகொண்டிருந்தார்.