சுறாக்குட்டியின் பால்பற்கள்

அன்ரன், சுகந்தி, என் பிள்ளைகளே, உங்கள் அக்கா றெஜினா ஏன் காலையில் தவறாமல் மருந்து குடிக்கிறாள் என்று கேட்டீர்கள். அவள் உயிரோடு இருப்பதே என் செபத்துக்குக் கிடைத்த பதில். அதை எழுதி வைக்கிறேன்.

2003 தவக்காலம். சண்டை நின்று பாதை திறந்து, எங்கள் ஊர்காவற்றுறை கொஞ்சம் மூச்சுவிட்ட நேரம். அக்காவுக்குப் பத்து வயது. சிறுவயதிலிருந்தே அவளுக்குக் கழுத்திலும் தலையிலும் கட்டிகள் வரும். தொட்டால் சுடாது, சிவக்காது. "நோகுதோ?" என்றால், "இல்லையப்பா" என்பாள். பால்பல்லும் விழவில்லை. மற்றப் பிள்ளைகள் விழுந்த பல்லைக் கூரையில் எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்க, இவள் பார்த்துக்கொண்டு நிற்பாள். பால்பல்லுக்குப் பின்னாலேயே புதுப்பல் முளைத்தது. என் வலையில் வரும் சுறாவின் வாய் மாதிரி இரண்டு வரிசை. நான் பகிடியாகச் சுறாக்குட்டி என்று கூப்பிட்டேன்.

அந்த முறை சீழ் நெஞ்சுக்குள் கட்டிவிட்டது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். விலாவில் குழாய் போட்டார்கள். காசநோயா என்று சோதித்தார்கள், இல்லை. மருந்து ஏற்றினால் குறையும், நிறுத்தினால் திரும்ப வரும். ஏன் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. அவள் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கவே பயமாக இருந்தது.

கட்டில் காலடியில் முழந்தாளிட்டேன். செபமாலை கையில் இருந்தது, வாயில் செபம் வரவில்லை. "ஆண்டவரே, இது என்னவெண்டு ஆருக்காவது காட்டும்." அவ்வளவுதான் சொன்னேன். எழும்பி அவள் காதில், "சுறாக்குட்டி, கண்ணைத் துற பிள்ளை" என்றேன்.

உங்கள் அம்மா சீறினாள். "பிள்ளை சாகக் கிடக்குது, இப்பவும் உங்களுக்குச் சுறாவோ?"

பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்த டொக்ரரம்மா திரும்பினா. "ஏன் பிள்ளையைச் சுறா எண்டுறீர்?"

"பல்லு ரெண்டு வரிசை, டொக்ரர். ஒண்டும் விழேல்லை."

"ஒண்டுமோ? எங்க, வாயைத் துறவுங்கோ பாப்பம்."

டோர்ச் அடித்துப் பார்த்தா. பிறகு கழுத்திலிருந்த பழைய கட்டித் தழும்பைத் தொட்டா.

"கட்டியள் சுடுறதில்லையோ?"

"இல்லை. நோவும் இல்லை."

"அப்ப இதெல்லாம் ஒரே வருத்தம், ஐயா. பிறவியில வந்தது. எனக்கு இப்பதான் பிடிபடுது."

கிருமி புகுந்தால் உடம்பின் ஒரு பகுதி மற்றதுக்குச் சேதி அனுப்புமாம். அக்காவின் உடம்பில் சேதி போகும், கேட்பவர் எழும்பமாட்டார். அதனால்தான் கட்டி சுடவில்லை. பல் விழாததும் அதே குறையால்தானாம். பழுது எந்த மரபணுவில் என்று சில வருடம் கழித்துத்தான் சொன்னார்கள். அது பரம்பரையாகவும் போகுமாம். நாளைக்கு அக்காவுக்குப் பிள்ளை பிறந்தால் நீங்கள் மறக்காமல் சொல்ல வேண்டும்.

நோய் இன்னதென்று தெரிந்ததும் மருந்து மாறியது. நிறுத்தாமல் கொடுக்கச் சொன்னார்கள். உயிர்த்த ஞாயிறன்று அவள் எழுந்திருந்து கஞ்சி கேட்டாள். முன்பு கடலில் ஆபத்து வந்தால்தான் கடவுளைக் கூப்பிடுவேன். இப்போது கரையில் நிற்கும்போதும் கூப்பிடுகிறேன். பிள்ளைகளே, பெரிய வார்த்தை தேடாதீர்கள். இருக்கிற வார்த்தையோடு அவரிடம் போங்கள். அவர் கேட்பார்.

வீடு திரும்புமுன் பால்பற்களை ஆஸ்பத்திரியிலேயே பிடுங்கினார்கள். பஞ்சில் சுற்றி என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம் நீங்கள் எல்லாரும் கோயிலுக்குப் போன பிறகு, முற்றத்தில் நின்று ஒன்றைக் கூரைக்கு எறிந்தேன். தகரத்தில் கடகடவென்று உருண்டு காலடிக்கே வந்து விழுந்தது. குசினிக்குள் போய்க் கதிரையை எடுத்துவந்தேன். ஏறி நின்று, தகரத்துக்கும் சுவருக்கும் இடையில், ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் வைத்தேன்.