யானைகள் காடு திரும்பின

ஓசூரில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். அஞ்செட்டிப் பக்கம் போகும் பதிப்பு முதலில் அச்சாகும் என்பதால் மாலை ஐந்தரைக்குள் செய்தி போய்விட வேண்டும். அதற்காக நாங்கள் எல்லோரும் ஒரு திருட்டுவேலை செய்வோம். நடக்கப்போவதை நடந்ததாகவே எழுதிவிடுவோம். எங்கள் செய்தியில், வடம் பிடிப்பதற்கு முன்பே தேர் நிலைக்கு வந்துவிடும். ஒருநாளும் மாட்டியதில்லை, அந்தத் திமிர்.

அந்த மார்கழியில் ஜவளகிரி அருகே ராகி வயல்களில் யானைகள் இறங்கியிருந்தன. ஊர்க்காரர்கள் பட்டாசும் தப்பட்டையுமாகக் கிளம்பியதைப் பார்த்தேன். எப்படியும் விரட்டிவிடுவார்கள் என்று தோன்றியது. தோன்றியதைச் செய்தியாக்கினேன்: யானைகள் காடு திரும்பின.

மறுநாள் காலை அங்கே போனபோது, டீக்கடையில் ஒருவர் அதை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் மூச்சிரைக்க வந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு மொத பஸ்ஸுல வந்த பேப்பரப் பாத்துட்டு வயலுக்குப் போனாரு. இன்னும் வரல. வழியில யானைச் சாணி சூடு ஆறாம கெடக்குதுங்கறாங்க."

நாலைந்து பேர் போனோம். பனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. வரப்பில் அவருடைய செருப்பு ஒன்று கிடந்தது. பக்கத்தில் மடித்த பேப்பர், என் செய்தி மேலே தெரிய நனைந்திருந்தது. எங்களில் அவரைக் கூப்பிட வாயெடுத்த ஒருவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். பனிக்குள் ராகித் தாளை மெல்லும் சத்தம் கேட்டது. நிதானமாக, பல வாய்கள்.

வெயில் ஏறும்வரை நாங்கள் அசையவில்லை. பிறகு பார்த்தால் வயல் காலியாக இருந்தது. காவல் பரண்மேல் அவர் மட்டும் குந்தியிருந்தார். இறக்கிவிட்டோம்.

"கருப்பா நாலு நின்னுச்சு சார். நம்ம வயல்ல ஏது பாறைன்னு யோசிச்சேன். யானை போயிடுச்சுன்னு பேப்பர்லயே போட்டாச்சே, அப்ப பாறைதான்னு கிட்டப் போனேன். கையெட்டுற தூரம். பாறை மூச்சு விட்டுச்சு."

எழுதியவன் நான்தான் என்றேன். பார்க்காமலே எழுதினேன் என்பதையும் சொன்னேன். அவர் அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார், பனிக்குள் அந்த நான்கைப் பார்த்தது போல.

"அப்ப, இத்தினி வருசமா நான் படிச்சதெல்லாம்?" என்றார்.