மயில்கழுத்துப் புடவையில் ஒரு மாப்பிள்ளை

லண்டனில் நான் வேலை பார்க்கும் பிஸ்கட் தொழிற்சாலையின் கேன்டீனில் புதிதாக ஒரு காலண்டர் தொங்குகிறது. மாதத்துக்கு ஓர் ஆண். ஒருவன் உடம்பிலும் சட்டை கிடையாது. பெட்டி ஒட்டும் பெண்கள் வாங்கி மாட்டியது. இந்த மாதத்துக்காரன் எண்ணெய் பூசிக்கொண்டு நிற்கிறான். சனிக்கிழமைக் குளியலில் பாதியில் எழுந்து வந்தவன் மாதிரித்தான் எனக்குப் பட்டது. எங்கள் சூப்பர்வைசர் ஜார்ஜுக்குப் பொறுக்கவில்லை. ஆம்பிளையை இப்படிக் கடைச்சரக்கு ஆக்கிவிட்டார்களே என்று, டீ குடிக்க வரும்போதெல்லாம் காலண்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டுகிறார். அவர் போனதும் பெட்டி ஒட்டுகிறவர்களில் ஒருத்தியான பிரெண்டா அதை நேராக்குகிறாள். நேற்று இருவரும் என்னிடம் நியாயம் கேட்டார்கள். எனக்கு இதெல்லாம் பழக்கம்தான், ஊரில் பெண்கள் பார்ப்பதற்காகத் தினமும் புடவை கட்டிக்கொண்டு நின்றவன் நான் என்றேன். பிரெண்டா என் கையைத் தொட்டு, அது உங்கள் மத வழக்கமா என்று பரிவோடு கேட்டாள். இல்லை, தி.நகர் வழக்கம் என்றேன். அதற்குமேல் என் இங்கிலீஷ் ஓடவில்லை. உங்களிடமென்றால் சொல்லலாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை கேட்டுப் போனேன். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. என்ன படித்திருக்கிறாய் என்று கேட்கவில்லை. திரும்பி நிற்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "தோளு நல்லாருக்குல, முந்தானை நிக்கும்" என்றார். அவ்வளவுதான் இன்டர்வியூ. வாங்க வரும் பெண்களுக்குப் புடவையைப் பேன்ட் சட்டைக்கு மேலேயே கொசுவம் வைத்துச் செருகி, முந்தானையைத் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். மாநிறம் என்பதால் எனக்குப் பச்சையும் நீலமும். ரோஸ் கலருக்குச் சிவப்பாக வேறொருவன் இருந்தான். அவனுக்குக் கொஞ்சம் திமிர். மயிலாப்பூர் மாமிகள் என்னை எதிரில் வைத்துக்கொண்டே, "இவனுக்கே இவ்வளவு நன்னா இருக்கே, ஆத்துல போய்க் கட்டிண்டா நமக்கு இப்படி இருக்குமோ?" என்று கவலைப்படுவார்கள். எத்தனையோ கண்கள் என்மேல் மேய்ந்தன. ஒன்றுகூடக் கழுத்துக்கு மேலே ஏறியதில்லை.

வினை கல்யாணப் பேச்சில் வந்தது. முதலில் அமைந்த சம்பந்தம், மாப்பிள்ளை புடவை கட்டுகிறவராமே என்று நின்றுபோனது. அடுத்ததும் அப்படியே. அதனால் வடபழனியிலிருந்து ஓர் இடம் வந்தபோது, பையன் ஜவுளி வியாபாரத்தில் இருக்கிறான் என்று மட்டும் அப்பா சொல்லி வைத்தார். என் போட்டோ போயிருந்தது. பெண்ணின் போட்டோ இன்னும் வரவில்லை. பெயர் சாந்தா என்பதோடு சரி. இதுவும் தட்டிப்போனால் இவனுக்குக் கல்யாணமே கிடையாது என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன்.

ஆவணி முகூர்த்தக் கூட்டத்தில் ஓர் அம்மாளும் ஒரு பெண்ணும் வந்து உட்கார்ந்தார்கள். மயில்கழுத்து நிறப் பட்டைக் கட்டிக் காட்டினேன். அம்மாள் திரும்பச் சொன்னார், திரும்பினேன். நடக்கச் சொன்னார். யாரும் கேட்டதில்லைதான், இருந்தாலும் கண்ணாடி வரைக்கும் நடந்து வந்தேன்.

"உயரம் இன்னா இருக்கும்?" என்றார்.

"அகலம் நாப்பத்தஞ்சு இஞ்ச், நீளம் ஆறு கஜம்மா," என்றேன்.

"சிகரெட்டு புடிக்கிற பழக்கம் கீதா?"

புடவைக்கு ஏது சிகரெட்? அப்போதுதான் உறைத்தது, வடபழனி இங்கேயே வந்துவிட்டது என்று. அவிழ்த்துப் போடலாமென்றால் தோளில் பின் குத்தியிருந்தது. வியர்த்துக் கொட்டியது. முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். அசல் பட்டு, கல்லாவிலிருந்து அண்ணாச்சி முறைத்த முறைப்பு இன்றைக்கும் முதுகில் சுடுகிறது.

அதுவரை வாய் திறக்காத அந்தப் பெண், முந்தானையைத் தாண்டிப் பார்வையை மேலே ஏற்றி என் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் திரும்பிச் சொன்னாள்: "பொடவ வாணாம் அத்த. மத்தது இருக்கட்டும்."

இவ்வளவு நேரம் கட்டிக் காட்டியும் ஒன்றும் போகவில்லையே என்று அண்ணாச்சி சாயங்காலம் வரை திட்டித் தீர்த்தார். போனது எது என்று நான் சொல்லவில்லை.

மற்ற வீடுகளில் பஜ்ஜி சொஜ்ஜியோடு ஆண் உட்கார்ந்திருப்பான். பெண் வந்து நின்று, நடந்து, பாடியும் காட்டுவாள். எங்கள் விஷயத்தில் உட்கார்ந்திருந்தது சாந்தா. அதனால் ஜார்ஜோடு சேர்ந்து எனக்கு அழ வரவில்லை. பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும், முகம்வரைக்கும் வந்தால் போதும் என்பது என் கட்சி.

போன வாரம் இங்கே சவுத்தாலில் ஒரு குஜராத்திக்காரரின் புடவைக் கடைக்குப் போயிருந்தோம். அங்கே மேஜையில் விரித்துக் காட்டுவதோடு சரி. சாந்தாவால் தீர்மானிக்க முடியவில்லை. நீங்களே கட்டிக் காட்டுங்கள் என்றாள். அந்தக் குளிரில் ஓவர்கோட்டைக் கழற்ற மனம் வராமல் அதற்கு மேலேயே கொசுவம் வைத்தேன். தோளில் ஜரிகை, காலில் பனி ஒட்டிய பூட்ஸ். வெளியே பஸ்ஸுக்கு நின்ற வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் கண்ணாடி வழியாக என் முகத்தையே பார்த்தார்கள். உள்ளே சாந்தா புடவையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் திரும்புங்க," என்றாள்.

தெருப்பக்கமா, கடைப்பக்கமா என்று சொல்லவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடுவிலேயே நின்றேன்.