கம்பெனி ஆளா, மேஸ்திரி ஆளா?

குழந்தைகளே, நான் வாலிபனாக இருந்தபோது கோரமண்டல் தங்கச் சுரங்கத்தில் விடியற்காலைச் சங்கு ஊதினால், எங்கள் மூங்கில் தட்டிக் குடிசைகளில் எல்லா அடுப்பும் ஒன்றாகப் புகையும். களி கிண்டும் அந்த வாசனை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்த நாட்களில் ஒருமுறை, சுரங்கத்துக்குள் பாறை உருண்டு என் கால்மேல் விழுந்தது. கூட்டாளிகள் என்னைக் கம்பெனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். என் மனைவி கன்னியம்மா அழுதுகொண்டே பின்னால் வந்தாள்.

"கம்பெனி ஆளா, மேஸ்திரி ஆளா?" என்று கேட்டார் வாசலில் இருந்த கம்பவுண்டர்.

வேலூர்ப் பக்கத்திலிருந்து எங்களைக் காண்ட்ராக்ட் வேலைக்கு அழைத்து வந்தவர் மேஸ்திரி. அவருடைய ஆள் என்றால் எங்களுக்குள் ஒரு மதிப்பு. "மேஸ்திரி ஆளுங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

"அப்போ இங்க பாக்க முடியாது. காண்ட்ராக்ட் கூலிக்கு வைத்தியம் கிடையாது. அதான் சட்டம்" என்றார். ரத்தமோ நிற்கவில்லை.

கன்னியம்மா அழுகையை நிறுத்தினாள். "இன்னா சாமி நாயம் இது? உருண்ட பாறை கம்பெனிது, நசுங்கின காலு மட்டும் மேஸ்திரிதா?"

உள்ளே இருந்த வெள்ளைக்கார துரை டாக்டர், அவள் என்ன கத்துகிறாள் என்று விசாரித்தார். கம்பவுண்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டு, தானே வந்து கட்டுப் போட்டார்.

என் கால் பிழைத்தது. சட்டம் மாறவில்லை. அடுத்து அடிபட்டு வந்த மேஸ்திரி ஆளைத் திருப்பித்தான் அனுப்பினார்கள்.

அதிலிருந்து எந்த மேஸ்திரி கூப்பிட்டாலும், "அடிபட்டா எந்த ஆஸ்பத்திரி சேத்துக்கும்?" என்றுதான் முதலில் கேட்பேன்.

"வேலைக்கு வர்றியா, அடிபட வர்றியா?" என்று மேஸ்திரிகள் கேலி செய்வார்கள். ஆனால் போகப் போக, பதில் வரும்வரை பக்கத்தில் நின்ற கூலிகளும் நகரவில்லை.